ஃப்ரிட்ஜ் சீருக்கா, வீட்டுக்கா?

மாடு வாங்கினா பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம். ஆரணிப் பட்டு எடுத்தா ஜரிகையைச் சோதிக்கிறோம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் கதவுல இருக்கிற பூவைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுறோம். கேட்டா, சீர்வரிசைக்கு எடுப்பா இருக்கணுமாம்! கரண்ட் பில்லைச் சம்பந்தியா கட்டப்போறாரு?

மேலே ஃப்ரீசர் வச்ச ரெண்டு கதவு ஃப்ரிட்ஜை நான் குறை சொல்லலை. ஸ்டார் லேபிளைப் படிங்கன்னுதான் சொல்றேன். வருஷத்துக்கு 240 யூனிட்னு போட்டிருந்தா, ரெண்டு மாசத்துக்கு 40. அரசு தர்ற இலவச யூனிட்ல அவ்வளவு அதுக்கே போயிடும்.

தறி போட்ட வீட்டுல இடம் இல்லேன்னு செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க. சூடு வெளியேறாம கம்ப்ரசர் ஓடிக்கிட்டே இருக்கும். கதவு ரப்பர்ல ஒரு தாளை வச்சு மூடி இழுங்க. வழுக்கிட்டு வந்தா குளிர் கசியுது. ரப்பரைத் துடைங்க, இல்லே மாத்துங்க. சீர் ஒருநாள் பெருமை. பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை வரும்.