காகிதம் கட்டிய செம்பூர்

ஒரே காலத்தில் ஒரே அரசு குடியமர்த்திய மக்கள். சிலருக்கு வீடு சொத்தானது. சிலருக்கு வீடே நிலைக்கவில்லை.

மும்பையின் ஹார்பர் லைன் ரயிலில் குர்லாவைத் தாண்டியதும், ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. திலக் நகர் ஸ்டேஷனை ஒட்டி அடக்கமாக இருந்த பழைய வீட்டு வசதி வாரியக் கட்டடங்கள் பலவும் போய், பதினைந்து, இருபது மாடி அடுக்ககங்கள் எழுந்து நிற்கின்றன. இடிபடக் காத்திருக்கும் மிச்சக் கட்டடங்களில் வீட்டுக்கு ஒரு இரும்பு பீரோ. பீரோவுக்குள் ஒரு பழைய ஃபைல். ஒதுக்கீட்டுக் கடிதம், வாடகை ரசீதுகள், சொசைட்டியின் பங்குச் சான்றிதழ். மாதச் சம்பளக்காரராக வந்து சேர்ந்த தாத்தா கனவிலும் கண்டிராத தொகை இன்று அந்த ஃபைலின் மதிப்பு.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தென்கிழக்கே, மான்கூர்டுக்கு அப்பால், சீத்தா கேம்ப். அங்கேயும் வீட்டுக்கு வீடு காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. பிளாஸ்டிக் பைக்குள் ரேஷன் கார்டு, ஃபோட்டோ பாஸ், கரண்ட் பில். அவற்றை விற்க முடியாது. 'எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய்?' என்று அதிகாரி யாராவது கேட்டால் காட்டத்தான் அவை. திலக் நகரிலும் தமிழ் கேட்கிறது. சீத்தா கேம்ப்பிலும் தமிழ் கேட்கிறது. இரண்டு இடங்களின் கதையும் தொடங்கியது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான்.

ஆதியில் செம்பூர், டிராம்பே தீவின் ஓரத்தில் இருந்த ஒரு கிராமம். தென்னை, நெல் வயல், கடலோரத்தில் கோலி மீனவர் குப்பங்கள். 1896-ல் பிளேக் வந்து பம்பாயைக் கலக்கிய பிறகு, நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட மாநகராட்சி தேர்ந்தெடுத்த இடம் பக்கத்துச் சதுப்பு நிலமான தேவனார். 1906-ல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றை ரயில் பாதை வந்தது. அதில் பயணிகள் ஏற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரும் அதைத் தொடர்ந்து வந்த பிரிவினையும்தான் செம்பூரைப் புறநகராக மாற்றின. 1947-க்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து அகதிகள் கப்பல் கப்பலாகப் பம்பாயில் வந்திறங்கினார்கள். அவர்களைத் தங்கவைத்த முகாம்களில் ஒன்று செம்பூரில் அமைந்தது. 'செம்பூர் கேம்ப்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அது முகாமாகவே தங்கிவிடவில்லை. பாகிஸ்தானில் விட்டுவிட்டு வந்த சொத்துக்கு 'கிளெய்ம்' கொடுத்து நஷ்ட ஈடு பெற 1954-ல் தனிச் சட்டமே வந்தது. கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு ஒரு காகிதம் கிடைத்தது. அகதி வீட்டுக்காரரானார், வீட்டுக்காரர் வியாபாரியானார். சிந்திகளான ஹஷு அத்வானியும் அவரது தோழர்களும் 1962-ல் தொடங்கிய விவேகானந்த கல்விச் சங்கத்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் செம்பூரின் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள்.

இன்னொரு பக்கம் டிராம்பேயில் ஆலைகள் வரிசையாக வந்தன. 1954-லும் 1955-லும் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்கள், 1956-ல் டாடா அனல் மின் நிலையம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான 'அப்சரா' இயங்கத் தொடங்கியது. 1960-களில் உரத் தொழிற்சாலை. வேலைக்கு ஆட்கள் வந்தால் வீடு வேண்டுமே! 1955-க்கும் 1958-க்கும் இடையே பம்பாய் வீட்டு வசதி வாரியம் சுபாஷ் நகர், திலக் நகர், சஹகார் நகர் என்று குடியிருப்புகளைக் கட்டியது. செம்பூரை நடுத்தர வர்க்கத்தின் முகவரியாக்கியவை இந்தக் காலனிகள்தான். ஒரு அறை, ஒரு சமையலறை என்று சின்ன வீடுகள். ஆனால் பொட்டல் நடுவே விளையாட இடம், பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட இடம். பிற்பாடு வாரியத்தின் வாடகைக் குடியிருப்புகள் பலவும் அவற்றில் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன.

இந்த அலையில்தான் தமிழர்கள் மாட்டுங்காவிலிருந்து வடகிழக்கே நகர்ந்தார்கள். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்று ரயிலேறி வந்த தஞ்சாவூர், பாலக்காட்டு இளைஞர்களுக்கு முதல் புகலிடம் மாட்டுங்கா. அங்கே தமிழர்கள் வேர்விட்டதையும், பம்பாயில் ஃபிளாட் வாழ்க்கை உருவானதையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார் வரலாற்றாசிரியர் நிகில் ராவ். அவரது ஆங்கில நூல் 2013-ல் வெளிவந்தது. மாட்டுங்கா நிரம்பியதும், அடுத்த தலைமுறைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது செம்பூர். அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி, சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினியர், கோட்டைப் பகுதி வங்கியில் குமாஸ்தா என்று வந்தவர்கள் கூட்டுறவு சொசைட்டி அமைத்து வீடு கட்டினார்கள். சேடா நகரில் முருகன் கோயில் எழுந்தது. கச்சேரிக்கு சபா வந்தது. காலையில் ஃபில்டர் காபிக்குப் பொடி அரைத்துக் கொடுக்கும் கடையும் வந்தது. சங்கர் மகாதேவனும் வித்யா பாலனும் வளர்ந்தது இந்தச் செம்பூரில்தான்.

1966-ல் சிவசேனை தொடங்கப்பட்டு, தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷங்கள் உரத்து ஒலித்த காலம் அது. அந்த நாட்களில் சொந்த வீட்டுப் பத்திரம் வசதி மட்டுமல்ல, தைரியமும்கூட. 'ஊருக்குப் போ' என்று தெருவில் யாராவது கத்தினாலும், வீட்டுக்குள் இருந்த காகிதம் 'இதுதான் ஊர்' என்றது.

அந்தத் தைரியம் வாய்க்காத தமிழர்களும் செம்பூர் எல்லையிலேயே இருந்தார்கள். மான்கூர்ட் பக்கம் இருந்த ஜனதா காலனி தானாக முளைத்த சேரி அல்ல. நகரின் வேறு இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய இடம். சதுப்பை மேடாக்கி, குடிசை போட்டு, கடை வைத்து, பள்ளி நடத்தி, அதை ஊராக்கியவர்கள் அங்கே வாழ்ந்த மக்கள். திலக் நகர்வாசியைப் போலவே அவர்களும் அரசு காட்டிய இடத்தில் வந்து இறங்கியவர்கள். ஒரே வித்தியாசம்: நிலத்தின் மேல் உரிமை தரும் காகிதத்தை மட்டும் யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பக்கத்திலேயே அணு ஆராய்ச்சி மையம் தன் ஊழியர்களுக்காக அணுசக்தி நகரை உருவாக்கிக்கொண்டிருந்தது. காலனி இருந்த நிலம் அதற்குத் தேவைப்பட்டது. வெளியேற்றத்தை எதிர்த்து மக்களைத் திரட்டியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்து 1960-களில் பம்பாய் வந்த தச்சர். ஜனதா காலனியின் குப்பையை மாநகராட்சி அள்ளாததால், சிறுவர்களைக் கொண்டு அதைப் பொட்டலம் கட்டி மாநகராட்சி அலுவலக வாசலிலேயே குவிக்க வைத்தவர். நீதிமன்றம், டெல்லி என்று பல ஆண்டுகள் போராட்டம் நீண்டது. நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, 1976 மே மாதம், போலீஸ் படை சூழ ஜனதா காலனி தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று சொல்லப்படுகிறது. டிராம்பே பக்கம் மீண்டும் ஒரு சதுப்பு நிலத்தைக் காட்டினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். ஒரே தலைமுறையில் இரண்டாவது முறையாக மண் கொட்டி மேடாக்கும் வேலை தொடங்கியது.

அதே 1976 ஜனவரியில்தான் மகாராஷ்டிர அரசு மும்பையின் சேரிகளைக் கணக்கெடுத்து, குடும்பத்துக்கு ஒரு ஃபோட்டோ பாஸ் கொடுக்க ஆரம்பித்தது. ஜோக்கினும் அவரது தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனமும் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: அரசு எண்ணாவிட்டால் நாமே நம்மை எண்ணிக்கொள்வோம். வீடு வீடாகப் போய்ப் பெயர், வேலை, வந்த ஆண்டு எல்லாவற்றையும் குடிசைவாசிகளே பதிவு செய்யும் முறை அவர்களுடைய போராட்ட ஆயுதமானது. பிற நாடுகளுக்கும் பரவியது. 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ என்று கௌரவங்கள் தேடி வந்தன. 2018-ல் மறைந்த ஜோக்கின் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். காகிதம் இல்லாதவர்களுக்குக் காகிதம் உண்டாக்கினார்.

இன்று இரண்டு செம்பூர்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2013-ல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, 2014-ல் சாந்தாகுரூஸ் இணைப்புச் சாலை திறந்த பிறகு தென் மும்பையும் விமான நிலையமும் பக்கத்தில் வந்துவிட்டன. மனை விலை பறந்தது. 1948-ல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோகூடத் தப்பவில்லை. 2017-ல் தீப்பிடித்து, 2019-ல் கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. வாரியக் காலனிகளில் மனைப் பரப்பைப்போல மூன்று மடங்கு வரை கட்டிக்கொள்ள 2013-ல் அனுமதி கிடைத்தது. பழைய குடியிருப்போருக்குப் பில்டர் இலவசமாகப் பெரிய வீடு தருகிறார். மேல் மாடிகளை விற்று லாபம் பார்க்கிறார்.

கணக்கு எல்லோருக்கும் ஒத்துவருகிறது. ஆனால் லிஃப்ட், பம்ப், வாட்ச்மேன் என்று மாதா மாதம் வரும் பராமரிப்பு பில் பென்ஷன்காரருக்கு ஒத்துவருவதில்லை. வீட்டை விற்றுவிட்டு நவி மும்பைக்கோ டோம்பிவிலிக்கோ போகிறவர்கள் உண்டு. உயரத்துக்கு வேறு விலையும் இருக்கிறது. 2018 டிசம்பரில் திலக் நகரின் ஓர் அடுக்ககத்தில் மூண்ட தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள்.

சேரிகளில் கணக்கு வேறு. சேரி சீரமைப்புத் திட்டத்தில் இலவச வீடு வேண்டுமானால் 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்து எழுத்து அழிந்த ஒரு ரேஷன் கார்டு, ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிவிடலாம்.

காகிதம் மட்டும் போதாது என்பதையும் செம்பூர்தான் காட்டியது. தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குச் செம்பூரை அடுத்த மாஹுலில் ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு 225 சதுர அடி ஃபிளாட் கொடுத்தார்கள். சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன டாங்குகளும். மூச்சுவிட முடியவில்லை என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், விரும்பாதவர்களை மாஹுலுக்கு அனுப்பக் கூடாது, வேறிடத்தில் வீடு தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்றது.

செம்பூரில் முன்னேறியவர்கள் தங்கள் உழைப்பால் முன்னேறினோம் என்று சொல்வதுண்டு. பொய்யில்லை. ஆனால் ஜனதா காலனிக்காரர்களும் உழைத்தார்கள், அதுவும் இரண்டு முறை. 1950-களில் ஓர் அலுவலக மேஜையில் யார் பெயருக்கு ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது, யார் பெயருக்கு விழவில்லை என்பதுதான் பேரப்பிள்ளைகளின் முகவரியைத் தீர்மானித்தது. திலக் நகரின் புதிய பால்கனிகளில் நின்றால் டிராம்பே குன்றுகள் தெரியும். அந்தக் குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையில் இருப்பவர்கள், பிளாஸ்டிக் பையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.