ஒட்டுப் படம்

பழைய புகைப்படங்களைக் கத்தரித்து ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர் உண்டு. விவான் சுந்தரத்தின் படங்களைப் பார்த்தால் அவ்விதம் சொல்லமாட்டார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனராயிருந்த கல்யாண் சுந்தரத்தின் புதல்வர் அவர். அவருடைய பெரியம்மா, புகழ்பெற்ற சித்திரக்காரி அமிர்தா ஷேர்கில், 1941-ல் மறைந்தார். விவான் பிறந்ததோ 1943-ல். கண்ணால் காணாத அந்தப் பெரியம்மாவை, பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்த படங்களைக் கொண்டு, 2001-02-ல் கம்ப்யூட்டரில் இணைத்து, குடும்பத்தாரோடு ஒரே அறையில் அமர்த்திவிட்டார்! கலைச் சேகரிப்பாளர்கள் அவற்றை விரும்பித் தேடுகிறார்கள். காகிதத்துக்கா இந்த மதிப்பு? இன்னார் முகம் என்று தெரிந்திருப்பதற்கும் அல்லவா?

அம்பத்தூர், பூந்தமல்லி வீட்டுப் பரண்களிலும் இத்தகைய குடும்பப் படங்கள் தூங்குகின்றன. பாட்டி இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். பெயர் போனால் முகமும் போயிற்று.