மலையடியில் ஓர் அறிவியல் வகுப்பு

திண்டிவனம் அருகே பெருமுக்கல் மலைக் குகையில் தொல்மனிதர் செதுக்கிய பாறைக் கீறல்கள் இருக்கின்றன. அதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நீரில் கரைந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி இறுகியதன் விளைவு அது. தொட்டுப் பார்க்கும் மாணவர் ‘எப்படி?’ என்று கேட்காமல் இருப்பாரா?

நேரில் காணும் பாடத்தின் வலிமைக்கு ஓர் உதாரணம் உண்டு. ராமேஸ்வரத்தில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்றார்கள் பிள்ளைகள். கோபிக்காமல், பறவைகள் பறப்பதை நேரில் காட்டக் கடற்கரைக்கே அழைத்துப்போனார். தன் வாழ்வின் திசையைத் தீர்மானித்த பாடம் என்று அதை, அந்தப் பிள்ளைகளில் ஒருவரான அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்தார். ‘புரியவில்லை’ என்று அச்சமின்றிச் சொல்ல முடிந்ததே, அதுதான் அந்த வகுப்பின் பெருமை.

திண்டிவனம் வட்டாரப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு நாளாவது பெருமுக்கல்லிலும் திருவக்கரையிலும் அறிவியல் வகுப்பு நடத்த வேண்டும். பேருந்துச் செலவைப் பள்ளிக் கல்வித் துறை ஏற்கட்டும்.