முதலில் கணக்கு, பிறகு குளிர்பெட்டி

சுவரில் பிளக்கைச் செருகினால் மின்சாரம் வரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாம். எவ்வளவு செலவாகிறது என்று நாம் கேட்பதில்லை. மாதக் கடைசியில் மின்கட்டண பில் வரும்போது அப்பாதான் கேட்பார். மின்கம்பி எட்டாத இடத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால், அந்தக் கேள்விக்கு நாமே பதில் சொல்லியாக வேண்டும்.

நான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பொறியியல் படிக்கும் மலேசிய மாணவி. வரும் ஜூலை விடுமுறையில் நாங்கள் நால்வர் ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு வடக்கே எக்ஸ்மவுத் வரை போகத் திட்டமிட்டிருக்கிறோம். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி உங்கள் நினைவுக்கு வரலாம். இங்கே அது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் ஒரு சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். எங்களுக்கு இரவலாகக் கிடைத்த வண்டியில் குளிர்பெட்டி மட்டும் இல்லை. அதை நாங்கள்தான் வாங்கிப் பொருத்த வேண்டும்.

மூன்று வாரமாக எங்களுக்குள் வாக்குவாதம். ஒருவர் பெரிய பெட்டி வேண்டும் என்கிறார். ஒருவர் மலிவானது போதும் என்கிறார். இன்னொருவர், கூரையில் சோலார் தகட்டைப் போட்டுவிட்டால் எந்தப் பெட்டியும் ஓடும் என்கிறார். என் கருத்து இதுதான்: எந்தப் பெட்டி என்று கேட்பதற்கு முன், ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் என்று கேட்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பணமும் வீண், பெட்டிக்குள் இருப்பதும் வீண்.

எதைக் காக்கப் போகிறோம்?

பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். அதை அடுத்துள்ள கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவின் முகாம் இடங்களில் மின் இணைப்பு கிடையாது; குடிநீரையும் நாமே கொண்டுபோக வேண்டும். அங்கே ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். இறைச்சி, பால், சமைத்த உணவு போன்றவை 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும்.

எங்கள் நால்வரில் ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அது உறைந்துவிட்டாலும் பயன்படாது. பால் கெட்டால் கறுப்புத் தேநீர் குடித்துக்கொள்ளலாம். இன்சுலின் கெட்டால் அப்படிச் சமாளிக்க முடியாது. ஆகவே எங்களுக்கு இந்தப் பெட்டி வசதிக்கான பொருள் அன்று. எத்தனை லிட்டர் என்பதைவிட, நாள் முழுக்க நிற்காமல் ஓடுமா என்பதே முக்கியம்.

இரண்டு வகைப் பெட்டிகள்

கேரவன்களில் பொதுவாக இரண்டு வகைக் குளிர்பெட்டிகள் உண்டு. முதலாவது எரிவாயு, 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் ஓடும் மும்முறைப் பெட்டி. இதில் அசையும் பாகமே இல்லை. ஒரு சின்னச் சுடர் அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்குகிறது. ஆவியாகப் பிரியும் அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நெருப்பைக் கொண்டு குளிர் உண்டாக்கும் இந்த வித்தையை 1922-ல் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள்: பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் வயதுக்காரர்கள் செய்த காரியம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

எரிவாயுவின் பலம் பெரியது. 9 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 120 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1.2 கிலோவாட்-மணி மட்டும். நூறு மடங்கு வித்தியாசம்! இந்த வகைப் பெட்டி அந்த ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை என்றாலும், ஒரு சிலிண்டர் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். குளிர்ப் பிரதேசத்தில், ஒரே இடத்தில், மரநிழலில் பல நாள் தங்குபவருக்கு இது நல்ல தேர்வுதான்.

ஆனால் எங்கள் பயணத்துக்கு அது ஒத்துவராது. உள்ளே திரவம் தானாகவே வழிந்து ஓடுவதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். வெளியே வெப்பம் ஏற ஏற அதன் குளிரூட்டும் திறன் குறையும். வண்டி ஓடும்போது எரிவாயுவை அணைத்துவிட வேண்டும். அப்போது 12 வோல்ட்டுக்கு மாற்றினால் 10 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இடைவிடாமல் இழுக்கும். கார் என்ஜின் ஓடும்வரை பரவாயில்லை. நின்ற பிறகும் அப்படியே விட்டால், ஒரே இரவில் பேட்டரி காலி.

இரண்டாவது வகை, வீட்டில் இருப்பது போன்ற கம்ப்ரசர் பெட்டி. ஆனால் நேரடியாக 12 வோல்ட்டில் ஓடுவது. சாய்வான தரையிலும் வேலை செய்யும். வெயிலையும் நன்றாகத் தாங்கும். வாங்கும்போது அதன் தட்பவெப்ப வகையைப் பாருங்கள்: டிராப்பிக்கல் என்பதன் முதலெழுத்தான ‘டி’ இருந்தால், சுற்றுப்புறம் 43 டிகிரி வரை போனாலும் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது என்று பொருள். என் வாக்கு இதற்குத்தான். அதிலும் மேலே திறக்கும் 45 லிட்டர் பெட்டிக்கு. குளிர்ந்த காற்று கனமானது. முன்கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிவிடும்; மேல்மூடியைத் திறந்தால் உள்ளேயே கிடக்கும்.

வரவும் செலவும்

இப்போது கணக்குக்கு வருவோம். இத்தகைய பெட்டி ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது நாள் முழுக்க ஓடாது. வேண்டிய குளிர் வந்ததும் நின்றுவிடும். மிதமான வானிலையில் 40 விழுக்காடு நேரம் ஓடினால்:

4 × 24 × 0.4 = ஏறத்தாழ 38 ஆம்பியர்-மணி.

விளக்கு, கைப்பேசி, தண்ணீர் பம்பு ஆகியவற்றுக்கு 17 சேர்த்தால் நாளொன்றுக்கு 55. வெயில் ஏறி 60 விழுக்காடு நேரம் ஓட வேண்டி வந்தால், பெட்டிக்கு மட்டுமே 58 ஆகிவிடும். அதே பெட்டி, அதே பேட்டரி. செலவு மட்டும் ஒன்றரை மடங்கு. விளம்பரத் தாளில் ‘45 வாட்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பது இப்போது புரியும். வாட் என்பது வேகம். நாம் அறிய வேண்டியது மொத்தத் தூரம்.

அடுத்து சேமிப்பு. இரண்டு நாள் மேகமூட்டம் வந்தாலும் பெட்டி நிற்கக் கூடாது என்றால் 110 ஆம்பியர்-மணி கையிருப்பு வேண்டும். ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே 220 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். எடை 60 கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு எடுக்கலாம் என்பதால் 140 போதும். எடையும் பாதிக்குக் குறைவு. விலை அதிகம்தான். ஆனால் கேரவனில் ஒவ்வொரு கிலோவையும் கார் இழுக்க வேண்டும், பெட்ரோலுக்கு நாம் காசு கொடுக்க வேண்டும்.

கடைசியில்தான் சோலார் தகடு. ஜூலை இங்கே குளிர்காலம். ஒரு நாளில் நான்கரை மணி நேரம் முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் என்றும், வெப்பம், தூசு, படுக்கையாகக் கிடக்கும் தகடு ஆகியவற்றால் 30 விழுக்காடு இழப்பு என்றும் கொள்வோம். 200 வாட் தகடு 52 ஆம்பியர்-மணி தரும். செலவு 55. ஏறக்குறைய சரிதானே என்று தோன்றும். சரியில்லை. மேகமூட்டமான இரண்டு நாளில் பேட்டரியிடம் பட்ட கடனை எப்போது அடைப்பது? 300 வாட் தகடு 78 தரும். நாளுக்கு 23 மிச்சம். ஐந்து நாளில் கடன் தீரும். அன்றாடச் செலவுக்குச் சரியாக இருக்கும் சம்பளத்தில் பழைய கடனை அடைக்க முடியாது என்பது நம் வீடுகளுக்குப் புதிய செய்தி அல்ல.

இன்னொரு சிக்கல்: நிழல் பெட்டிக்கு நல்லது, தகட்டுக்குக் கெட்டது. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, கழற்றி வெயிலில் வைக்கக்கூடிய தகட்டை நீண்ட கம்பியில் இணைப்பதே இதற்கு வழி.

ஒரு கம்பி செய்யும் வேலை

கம்பி என்றதும் எஸ்.பி.எம். இயற்பியலில் படித்த மின்தடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட்டரி முன்னே, பெட்டி பின்னே. போகவும் வரவும் 12 மீட்டர் செம்புக் கம்பி. 1 சதுர மில்லிமீட்டர் தடிமன் என்றால் மின்தடை 0.2 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் 12.2 வோல்ட் இருக்க, பெட்டிக்குக் கிடைப்பது 11.2 மட்டுமே. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணிப் பெட்டி தன்னை நிறுத்திக்கொள்ளக்கூடும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. பேட்டரிமேல் பழிபோட்டுப் புதியது வாங்கும் முன் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

“வீட்டுப் பெட்டியையே இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமே, மலிவாக முடியுமே” என்று கேட்கலாம். ஓட்டலாம். ஆனால் 12 வோல்ட்டை 240 ஆக மாற்றும்போது பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வீணாகும்; பெட்டி ஓய்வெடுக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தைப் பேட்டரிக்கும் தகட்டுக்கும் கொடுக்க வேண்டிவரும்.

காசு செலவில்லாத வழிகளும் உண்டு. கிளம்புவதற்கு முதல்நாளே வீட்டு மின்சாரத்தில் பெட்டியையும் பொருள்களையும் குளிரவைக்க வேண்டும். கம்ப்ரசரைச் சுற்றிக் காற்றோட்டம் விட வேண்டும். நண்பகலில் தகடு நிறைய மின்சாரம் தரும்போது தண்ணீர் போத்தல்களை நன்றாகக் குளிரவைத்தால், இரவில் அவையே பெட்டியைக் காக்கும். மின்சாரத்துக்குப் பதில் குளிரையே சேமிக்கும் வழி இது. இன்சுலினை மட்டும் உறையும் சுவருக்குப் பக்கத்தில் வைக்காமல், ஒரு வெப்பமானியோடு தனி டப்பாவில் வைக்க வேண்டும்.

இது பயணிகளுக்கு மட்டுமா?

இதையெல்லாம் ஆஸ்திரேலியாவில் ஊர் சுற்றுபவர்கள் அறிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வந்தால் மின்சாரம் போகும். இன்சுலின் வைத்திருக்கும் தாத்தா பாட்டி நம் வீடுகளில் எத்தனை பேர்! அன்று கைகொடுப்பது 12 வோல்ட் பெட்டியும், அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிடத் தெரிந்த பேரப்பிள்ளையும்தான்.

கிலோவாட்-மணி என்றால் என்ன என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், அதை ஒரு முறையாவது நம் வீட்டில் அளந்து பார்த்திருக்க வேண்டும். இன்றே தொடங்கலாம். உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் நட்சத்திரச் சின்னத்தில் ஆண்டுப் பயன்பாடு எத்தனை கிலோவாட்-மணி என்று பாருங்கள். 365-ஆல் வகுங்கள். 300 என்று இருந்தால் நாளுக்கு 0.82. அதை 1,000-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 68 ஆம்பியர்-மணி. மின்சாரம் போனால் அந்தப் பெட்டியை ஒரு நாள் காக்க எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்பது உங்கள் கையில் விடையாக நிற்கும்.

நாளை நீங்களே ஒரு பெட்டி வாங்கக் கடைக்குப் போனால், விலையைக் கேட்கும் முன் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: “வெளியே 32 டிகிரி இருக்கும்போது இது ஒரு நாளைக்கு எத்தனை ஆம்பியர்-மணி எடுக்கும்?” பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.