டிரிப்புக்கு பைக் லோன் எதுக்கு? கொல்லிமலைக்கு பஸ் இருக்கே!

கொல்லிமலை வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "மாசம் 40,000 சம்பளம், ஊர் சுத்தப் பிடிக்கும், ஒரு அட்வென்ச்சர் பைக் எடுக்கலாமா?" வீடியோவுல ஒரு நிமிஷத்துல சொல்லிட்டுப் போனதை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

என் கருத்து நேரடியா இதுதான். மாசத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போறதுக்காக பைக் வாங்காதீங்க. மலைக்குப் போறதையும் நிறுத்தாதீங்க. பஸ்ல போங்க, இறங்கி நடங்க.

முதல்ல கணக்கு. பைக் ஆன்-ரோடு 2,20,000 ரூபாய்னு வச்சுக்கலாம். கையிலிருந்து 40,000, மீதி 1,80,000 லோன். வட்டி 11 சதவீதம், 36 மாசம். இஎம்ஐ ஏறக்குறைய 5,900 வரும். மூணு வருஷத்துல கட்டுற வட்டி மட்டும் 32,000 ரூபாய்க்கு மேல. இதுல பெட்ரோல் இல்லை, சர்வீஸ் இல்லை, இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறது இல்லை, ஹெல்மெட், ஜாக்கெட், மொபைல் மவுண்ட்னு வாங்கற சாமான் எதுவும் இல்லை. மாசம் ஒரு டிரிப்தான் போறீங்கன்னா, ஒவ்வொரு டிரிப்புக்கும் வண்டி ஷெட்டை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே 5,900 ரூபாய் செலவாயிடுச்சுன்னு அர்த்தம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற. அவங்களை நான் சொல்லலை. ஆபீஸுக்கு மெட்ரோல போயிட்டு, ஞாயித்துக்கிழமைக்காக மட்டும் பைக் வாங்கறவங்களைத்தான் சொல்றேன்.

பைக் இல்லாதவங்க பண்றது இன்னும் மோசம். ரிசார்ட், செல்ஃப் டிரைவ் கார் எல்லாத்தையும் கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, மாசக் கடைசியில மினிமம் டியூ மட்டும் கட்டறது. 20,000 ரூபாய் பாக்கி நின்னா, மாசம் மூன்றரை சதவீத வட்டியில 700 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 126 ரூபாய். ஒரு மாசத்துக்கு 826 ரூபாய். இந்தப் பணத்துல என்னல்லாம் பண்ணலாம்னு கீழ பார்ப்போம்.

கொல்லிமலையை உதாரணமா எடுக்கக் காரணம் இருக்கு. நாமக்கல் மாவட்டம், 70 கொண்டை ஊசி வளைவு. மேல செம்மேடுதான் மையம், அங்க வல்வில் ஓரி சிலை இருக்கு. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியா அரசு பஸ் மேல ஏறுது. மேல போனதும் சுற்றுலா ஊர் மாதிரி கடைத்தெரு இருக்காது. வாசலூர்ப்பட்டி, சோளக்காடுன்னு ஊர் ஊரா சிதறிக் கிடக்கும். நடுவுல மிளகுக்கொடி ஏறின மரங்கள், காபி, அன்னாசி, மரவள்ளி, வாழை. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ற இடம் இது. ஒவ்வொரு பகுதிக்கும் வளப்பூர் நாடு, சேலூர் நாடுன்னு பேர் இருக்கும். ஒரு ஊர்ல இறங்கி, தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பக்கமா போற ஊர்ப்பாதையில நடந்து, அடுத்த ஊர்ல பஸ் ஏறலாம்.

பஸ்ஸோட பெரிய லாபமே இதுதான், யாரும் இதைச் சொல்றதில்லை. பைக்கோ காரோ எடுத்துட்டுப் போனா, எவ்வளவு தூரம் நடந்தாலும் வண்டி நிறுத்தின இடத்துக்கே திரும்பி வரணும். பாதி நாள் பார்த்த பாதையையே மறுபடி பார்க்கணும். பஸ்ல போனவன் ஒரு முனையில இறங்கி இன்னொரு முனையில ஏறிடுவான்.

அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் செம்மேட்டிலிருந்து பஸ்ல போயிட்டா, அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து அய்யாறு விழுது. மத்த மலைக் கோயில் படி மாதிரி இல்லை இது. முதல்ல இறக்கம், குளிச்சு முடிச்சதும் ஏற்றம். 'இப்ப வாங்கு, அப்புறம் கட்டு' ஆப் மாதிரின்னு வச்சுக்கோங்க. இறங்கும்போது எல்லாரும் சிரிச்சுட்டே இறங்குவாங்க, ஏறும்போது முட்டி வட்டியோட கேட்கும். தண்ணி அதிகமா வந்தா வனத்துறை கீழ விடமாட்டாங்க. விடலைன்னா வாக்குவாதம் பண்ணாம கோயிலைப் பார்த்துட்டு வேற பக்கம் நடங்க.

இப்ப செலவு. சென்னையிலிருந்து போறவருக்கு என் உத்தேச பட்ஜெட்: நாமக்கல் போக வர சாதாரண பஸ்ல 1,000 முதல் 1,400 ரூபாய். மலை ஏறி இறங்க 100 ரூபாய் ஒதுக்கினா போதும். மேல ஊருக்கு ஊர் போக இன்னொரு 100. ரூமை ரெண்டு பேர் பகிர்ந்தா ஆளுக்கு 800. ரெண்டு நாள் சாப்பாடு 600. மொத்தம் 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். சேலம், ஈரோடு, திருச்சியில வேலை பார்க்கறவங்க ஒரே நாள்ல போயிட்டு வர்றதா இருந்தா இதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகாது. கார்டுக்குக் கட்டின அந்த 826 ரூபாயே அவங்களுக்கு ஒரு டிரிப்.

"பஸ்ல நேரம் வீணாகுமே, ஒரு மணி நேரத்துக்கு என் சம்பளம் எவ்வளவு தெரியுமா?"ன்னு கேட்பீங்க. நம்ம மாதிரி ஃபைனான்ஸ் சேனல்கள்தான் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துச்சு, அதனால பதிலும் நாங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்கு உங்களுக்கு யாரும் சம்பளம் தர்றதில்லை. விக்க முடியாத நேரத்துக்கு விலை போடறதுல அர்த்தம் இல்லை. அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு, தூக்கம் இல்லாம ஓட்டி வந்து, 70 வளைவை நீங்களே திருப்பறதை விட, தினமும் அதே வளைவுல ஓட்டற டிரைவர்கிட்ட விட்டுட்டு ஜன்னலோரம் உட்கார்றது நல்லது. வளைவுல தலை சுத்தறவங்க முன் சீட்டுல உட்காருங்க, வயித்தை நிரப்பிட்டு ஏறாதீங்க.

பஸ்ல ஒரு ரிஸ்க் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். கடைசி பஸ். அதைத் தவற விட்டா ஜீப்புக்கோ வாடகை வண்டிக்கோ கொடுக்கிற காசு மொத்த மிச்சத்தையும் முழுங்கிடும். இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட "அண்ணே, திரும்பப் போக கடைசி வண்டி எத்தனை மணிக்கு?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு அதுக்கு முந்தின வண்டிக்குத் திட்டம் போடுங்க. கூகுள் மேப்ல காட்டற நேரத்தை நம்ப வேண்டாம், டீக்கடையில கேட்டா சரியா சொல்லுவாங்க. எல்லா இடத்துலயும் சிக்னல் இருக்காது. அதனால யுபிஐ மட்டும் நம்பிப் போகாம பத்து, இருபது ரூபாய் சில்லறையா 500 ரூபாய், தனியா ஒரு 1,000 ரூபாய் வச்சுக்கோங்க.

எங்க நடக்கலாம், எங்க கூடாதுங்கறதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. ஊர்ப்பாதை, கோயில் படி, எல்லாரும் போற அருவி, இதெல்லாம் சரி. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது குற்றம். யூடியூப் பார்த்துட்டு ஆகாய கங்கைக்குக் கீழ அய்யாத்தை ஒட்டியே புளியஞ்சோலைக்கு இறங்கிடலாம்னு கிளம்பறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போன 23 பேர் இறந்தாங்க. அவங்கள்ல பலர் நம்மள மாதிரி ஐடி கம்பெனியில வேலை பார்த்தவங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிமுறையே வந்துச்சு. காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆசை இருந்தா, 2024 அக்டோபர்ல அரசு தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு. 14 மாவட்டத்துல 40 பாதை, ஆன்லைன்ல பதிவு, கூடவே வழிகாட்டி. அந்தக் கட்டணம் அதிகம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. வழி தெரிஞ்ச உள்ளூர் ஆளுக்குப் போற காசு அது. டிரிப் செலவுலேயே நியாயமான செலவுன்னா அதைத்தான் சொல்வேன்.

அதே மாதிரி, மிச்சம் பிடிச்ச காசுல கொஞ்சத்தை மலையிலேயே விட்டுட்டு வாங்க. மிளகு, சாமை, தினை, அன்னாசிப்பழம் எல்லாம் அங்கயே விளைஞ்சது. பைக் இஎம்ஐ பத்தி ஒரு வார்த்தை பேரம் பேசாத நம்ம ஆளுங்க, ரோட்டோரம் பழம் விக்கிற அம்மாகிட்ட இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிஷம் நிக்கறதைப் பார்த்தா எரிச்சலா வருது.

பஸ்ஸும் நமக்காக ஓடறது இல்லை, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. பள்ளிக்கூடப் பசங்க, ஆஸ்பத்திரி போறவங்க, மூட்டையோட சந்தைக்குப் போறவங்க, இவங்களுக்கான வண்டி அது. எட்டுப் பேர் கும்பலா ஏறி, பெரிய பேக்கை சீட்டுல வச்சு இடம் பிடிக்காதீங்க. ரெண்டு பேர், மூணு பேராப் போங்க.

எப்ப போகலாம்னா, மழை விட்ட பிறகு வர்ற மாசங்கள் நடக்க நல்லா இருக்கும். ஆடி 17, 18 தேதிகள்ல செம்மேட்டுல வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்கணும்னா அப்ப போங்க. நடக்கணும்னா அந்த ரெண்டு நாளை விட்டுடுங்க, பஸ்ல நிக்கக்கூட இடம் கிடைக்காது.