பாதை காட்டுகிறவர்களின் ஊரில்

புதுச்சேரியில் பாதை காட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் போதும். யோகப் பயிற்சி, தியான முகாம், ஜெபக்கூட்டம் என்று வரிசையாகப் பலகைகள். வார்த்தை மாறினாலும் சரக்கு ஒன்றுதான்: உள்ளே ஒரு பாதை இருக்கிறது, வாருங்கள், காட்டுகிறோம். சனி ஞாயிறுகளில் வெளியூர்களிலிருந்து இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. வரட்டும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

என் கவலை வேறு. அம்பேத்கரையும் பெரியாரையும் படித்துவிட்டு நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்களில் சிலர், கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்கிறார்கள். "சடங்கை விட்டாச்சு, சாமியை விட்டாச்சு, சரி. மனசு உடைஞ்சு போறப்ப என்ன பண்றது தோழர்? நமக்குன்னு ஒரு ஆன்மிகப் பாதை கிடையாதா?" இதை 'நடுத்தர வர்க்கத்து நோய்' என்று தட்டிவிடுகிற தோழர்களையும் பார்த்திருக்கிறேன். தட்டிவிடப்பட்டவர் அடுத்த மாதம் ஏதாவது ஒரு தியான வகுப்பில் கண்மூடி உட்கார்ந்திருப்பார். அங்கே சாதியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பெயருக்குப் பின்னால் என்ன வரும் என்று மட்டும் பக்குவமாக விசாரித்துக்கொள்வார்கள்.

ஆகவே கேள்வியை மதித்தே பேசுவோம். ஆனால் 'பாதை' என்ற சொல்லை அவர்கள் விற்கிற பொருளிலேயே நாம் வாங்க வேண்டியதில்லை. உருவகமாவதற்கு முன்னால் அது ஒரு தெரு. மண், கல், தார் போட்ட தெரு. அதில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது, யார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்று விதி போட்டிருந்த தெரு.

தமிழில் ஒழுக்கத்தைப் பற்றிய சொற்களில் பாதி காலிலிருந்து வந்தவை. நெறி, வழி, மார்க்கம், ஆறு எல்லாமே பாதைதான். நல்லவன் ஒழுங்காக 'நடந்துகொள்கிறான்'. கெட்டவன் 'வழி தவறியவன்'. நடத்தை என்ற சொல்லே நடையிலிருந்து வந்தது. நடக்கவே விடாத சமூகம் நடத்தைக்கு இத்தனை சொற்களை வைத்திருக்கிறது.

திருக்குறளில் 37ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் முன்னால் நிறுத்தி அறத்தின் வழியைப் பேசுகிற குறள் அது. அறத்தின் பயனை நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை, இந்த இருவரையும் கண்ணால் பார்த்தாலே விளங்கும் என்பது பரிமேலழகர் உரை. அதாவது, முன்பு செய்த அறம் ஒருவனை மேலே ஏற்றிவிட்டது, செய்யாதவன் தோள் கொடுக்கிறான். இதே குறளை நேர் எதிராகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்: இந்தக் காட்சியைக் காட்டி 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே என்று. நான் இரண்டாவது கட்சி. வள்ளுவர் மனத்தில் எது இருந்தது என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் காட்சியில் இருவரும் போவது ஒரே பாதையில்தான், ஒரே ஊருக்குத்தான். ஆனால் ஒருவன் கால்கள் மட்டும்தான் தரையில் படுகின்றன. பயணத்தின் மேன்மை பற்றிப் பேசுகிறவன் எப்போதும் மேலே உட்கார்ந்திருக்கிறவன். கீதை இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: பிறருடைய தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல். பாதை பிறப்பிலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது, மாற்றிக் கேட்காதே.

எங்கள் ஊருக்கு வருகிறேன். புதுச்சேரியின் நேர்நேரான தெருக்களைப் பார்த்து வியக்காத பயணி இல்லை. 1693 முதல் 1699 வரை ஊர் ஒல்லாந்தர் கையில் இருந்தபோது போட்ட திட்டத்தை ஒட்டி வளர்ந்தவை அவை. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். வெள்ளையன் நம்மைப் பிரித்தான் என்று கேட்கிறவர்களும் பெருமூச்சு விடுவார்கள். கறுப்பு நகரத்துக்குள் வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி, செட்டித் தெரு என்று கோடு கிழித்தது எது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கோடுகளுக்கெல்லாம் வெளியே பறச்சேரி என்று ஒன்று இருந்ததை வழிகாட்டிகள் சொல்வதும் இல்லை. இப்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாடகைக்கு வீடு தேடியபோது, கூடத்தில் ஒரு மகானின் பெரிய படத்தை மாட்டி ஊதுவத்தி ஏற்றியிருந்த வீட்டுக்காரர் என்னிடம் சாதி கேட்கவில்லை. "சொந்த ஊர்ல உங்க வீடு எந்தத் தெரு?" என்றுதான் கேட்டார்.

கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்ற மதம் இங்கே வந்து என்ன ஆனது என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சாட்சி. 1745இல் நடந்தது. இன்று சம்பா கோயில் என்று நாம் அழைக்கும் தேவாலயம் இருக்கும் இடத்தில் அன்று இருந்த கோயிலுக்குள்ளே ஒரு சுவர். சுவரின் ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள். மறுபக்கம் ஐரோப்பியர், கலப்பினத்தார், சாதிக் கிறித்தவர்கள். ஒரே பூசை, ஒரே பாதிரியார், நடுவில் சுவர். காரைக்காலில் இருந்து வந்த ஒரு பாதிரியார் தூண்டியதாகப் பிள்ளை எழுதுகிறார். பறையர் கிறித்தவர்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது.

தூண்டிவிட்டார்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மக்கள் கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு வெளி ஆள் இருந்தாக வேண்டும், 1745இலும். பிள்ளை நம் பக்கத்து ஆள் இல்லை. அதனால்தான் அவர் எழுதி வைத்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மைப் புகழ அவருக்குத் தேவை எதுவும் இல்லை. சுவர் விழுந்த பிறகு சாதிக் கிறித்தவர்கள் கொதித்துப்போய்ப் பாதிரியாரோடு மல்லுக்கு நின்றதையும் அவரே எழுதுகிறார். பரலோகத்துக்குப் போகும் வழி பொதுவாக இருக்கலாம். பூசையில் பக்கத்தில் நிற்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

அடுத்தது ஒரு ஜோடி பூட்ஸ். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போடுவது போன்ற காலணியோடு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியன் அப்படி வரக் கூடாது என்று நீதிமன்றம் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. அவர் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பர் 21இல் வந்த அரசாணை, இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்றது. பெயரிலேயே சாதிப் பட்டம் வைத்திருந்த பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லபோர்த்' என்று புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள். கிறித்தவர்களும் தலித்துகளும் கணிசமாக அந்தக் கதவு வழியாகப் போனார்கள். சாதி வழக்கத்தின் காவலராக அரசியல் நடத்திய நாடு சண்முக வேலாயுத முதலியார் அவர்களை முழு மூச்சாக எதிர்த்தார்.

இதை நான் புரட்சியாக அலங்கரிக்கவில்லை. பிரெஞ்சுக்காரனுக்கு வாக்காளர் கணக்கு இருந்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். துறவு என்றால் வீட்டை, மனைவியை, செல்வத்தை விடுவது என்றே நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஒரு மனிதன் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் தன் சாதி வழக்கத்தைத் துறந்தான். பிரெஞ்சில் அவர்களுக்குத் 'துறந்தவர்கள்' என்றே பெயர். வீட்டில் மனைவி மக்களோடு இருந்துகொண்டே துறக்க வேண்டியதைத் துறந்தவர்கள். ஆன்மிகம் பேசுகிற புத்தகக் கடைகளில் இவர்களைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம்கூட நான் பார்த்ததில்லை.

பாரதி 1908இலிருந்து 1918 வரை இங்கே இருந்தார். அந்த நாட்களில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு காயத்திரி சொல்லிக் கொடுத்தார். கனகலிங்கம் பிற்பாடு 'என் குருநாதர்' என்ற நூலில் பாரதியை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்தக் காலத்தில் அதைச் செய்யத் துணிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணிவு என்ன செய்தது? தன் பாதையை அகலப்படுத்தி இன்னொருவரையும் அதில் ஏற்றிக்கொண்டது. பாதை அதுவேதான். ஏறாமல் நிற்கிற மற்றவர்கள் அப்படியே தாழ்ந்தவர்களாக நிற்கிறார்கள். 1910இல் இங்கே வந்து சேர்ந்த அரவிந்தரும் பிறப்பு வழிச் சாதியை ஏற்காமல், பழைய நால்வருணத்துக்கு மனித இயல்பின் நான்கு வகை என்று உள்ளர்த்தம் கண்டார். இதுவும் பழைய சாலைக்குப் புதுப் பலகை. இதே ஊரில் பிறந்து, இதே தெருக்களில் பாரதியின் பின்னால் நடந்த பாரதிதாசன்தான் 1920களின் இறுதியில் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்து அந்தச் சாலையையே விட்டு இறங்கினார்.

சரி, இறங்கியவர்களுக்கு வழி என்ன? அந்த இளைஞர்களின் கேள்வி அப்படியே நிற்கிறது.

அம்பேத்கர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை நான் மீண்டும் மீண்டும் எடுப்பது இதற்காகத்தான். புத்தர் மோட்சதாதா அல்ல, மார்க்கதாதா என்கிறார் அதில். வீடுபேறு கொடுப்பவர் அல்ல, வழி சொல்பவர். ராஜகிருகத்துக்கு வழி கேட்ட ஒருவனுக்கு வழி சொல்கிறோம். அவன் வேறு பக்கம் போய்விட்டால் வழி சொன்னவன் என்ன செய்ய முடியும்? நடக்க வேண்டியது கேட்டவன்தான். குருவின் காலைப் பிடித்தால் கரை சேரலாம் என்ற வியாபாரத்துக்கு இங்கே இடமில்லை. அதே நூலில் இன்னொன்றும் வருகிறது: தனி ஒருவனாக இருப்பவனுக்குத் தம்மம் தேவைப்படாது, இருவர் சேர்ந்து வாழும்போதுதான் அது தேவை. என்னைப் பொறுத்தவரை கேள்விக்கான விடை இதற்குள் இருக்கிறது. மனசு உடைந்தால் கண்மூடி உட்காருவது உதவுமென்றால் உட்காருங்கள், தடுக்கவில்லை. மூச்சைக் கவனிக்கவும் புத்தர் சொல்லியிருக்கிறார். ஆனால் உள்ளே ஒற்றையாளாக நடந்து முடிக்கிற பாதை என்று ஒன்றை எவனாவது விற்றால், கண்ணைத் திறந்ததும் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்று பாருங்கள்.

அயோத்திதாசர் 1898இல் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். இது வெளியிலிருந்து வாங்கி வந்த சரக்கு அல்ல, நாம் இழந்த நம் பழைய வழி என்பது அவர் வாதம். வரலாற்றாய்வாளர்கள் அதில் பலவற்றை மறுக்கலாம். எனக்கு அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் காக்காயந்தோப்பில் இருக்கும் புத்தர் சிலை ஞாபகம் வருகிறது. தியானப் பலகைகளைத் தேடி வருகிற கூட்டத்தில் பத்து பேர்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

பாதை திறப்பதையே அறமாகக் கொண்டவர்கள் நம் முன்னோர். 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியபோது கோரிக்கை கோயிலுக்குள் போவதுகூட அல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பது. பெரியார் அதற்காக இரண்டு முறை சிறை போனார். 1925 இறுதியில் மற்ற தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு மூடியே இருந்தது. பாடப் புத்தகங்கள் வெற்றி என்று முடித்துவிடும். எனக்கு அந்தக் கிழக்குத் தெருதான் மனத்தில் நிற்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை உடைத்துப் பாதை விட 2008 மே 6 வரை ஆனது.

'இறுதிப் பயணம்' என்ற சொல் ஆன்மிகச் சொற்பொழிவுகளில் அடிக்கடி வரும். எல்லோரும் ஒருநாள் போகிற பாதை, அங்கே பேதமில்லை என்பார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் இறந்துபோன ஒரு தலித்தின் உடலை, பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தின் ஊடாக இருந்தது, அந்த வழியில் விடவில்லை. காணொலி பரவிய பிறகுதான் நாடு பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதிகாரிகள் கண்ட தீர்வு, தலித்துகளுக்குத் தனியாகச் சுடுகாட்டு நிலம் ஒதுக்குவது. தனி நிலம் கொடுத்து அரசே பிரிவினையை வளர்க்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

உங்கள் ஊரில் சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி எது, அது யார் நிலத்தில் போகிறது, வருவாய்த் துறைப் பதிவில் அது பாதை என்று இருக்கிறதா? கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கேட்டுக்கொண்டு வாருங்கள்.