திரும்பி வந்த விலைமனு

கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு அரிசி விலைமனு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினேன். மாலை நான்கு மணி கடைசி நேரம். அனுப்பிய மறு நிமிடமே ஆங்கிலத்தில் ஒரு நீண்ட குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து மேலும் மூன்று தடவைகள் அனுப்பினேன். மூன்றும் திரும்பின. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் விலை வரவேயில்லையே முதலாளி, வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டோமே" என்றார்கள்.

மருமகன் வந்துதான் அந்தக் குறிப்பை வாசித்தார். அதில் 550 5.7.1 என்று இலக்கங்கள் இருந்தன. நான் பார்க்காமல் விட்டதும் அதைத்தான்.

வர்த்தக சகோதரர்களே, அந்த இலக்கம்தான் வைத்தியரின் துண்டு. 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் சேர்வரே சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. காரணத்தைத் திருத்தாமல் நூறு தடவை அனுப்பினாலும் போகாது. 5.1.1 என்றால் முகவரி பிழை. 5.2.2 என்றால் பெறுபவரின் பெட்டி நிறைந்துவிட்டது. 5.7 என்று வந்தால் பெரும்பாலும் அனுப்பியவர் மீது நம்பிக்கை இல்லை என்று பொருள்.

நம்மீது ஏன் நம்பிக்கையில்லை? 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதி, அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று கேட்பதில்லை. யாரும் யார் பெயரிலும் அனுப்பலாம். மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். காவல் போட வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் கந்தளாய் வீதியில் லொறி ஓட்டியவர்களுக்கு இது விளங்கும். எவனோ செய்த குற்றத்துக்கு நம் மூட்டைகளும் சாவடியில் இறக்கப்பட்டன. ஆத்திரப்பட்டுப் பயனில்லை, கையில் சரியான பத்திரம் இருந்தவரின் லொறிதான் முதலில் போனது.

மின்னஞ்சலுக்கும் அப்படி மூன்று பத்திரங்கள் உண்டு. எந்தச் சேர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். கடிதத்தில் இடும் முத்திரை டி.கே.ஐ.எம். இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவுறுத்தல் டிமார்க். 2024 பெப்ரவரி முதல் ஜீமெயிலுக்கு அனுப்பும் எவரும் முதலிரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகிள் விதித்தது. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம்.

என் கதையில் நடந்தது இதுதான். இணையத்தள இடத்தை வேறு கொம்பனிக்கு மாற்றினோம். மின்னஞ்சலும் அங்கிருந்தே போனது. ஆனால் எஸ்.பி.எஃப். பட்டியலில் பழைய சேர்வரின் பெயரே இருந்தது. புதியதைச் சேர்த்ததும் கடிதங்கள் போயின. ஒன்றைக் கவனியுங்கள்: பழையதைத் திருத்த வேண்டும், பக்கத்தில் இரண்டாவது ஒன்றைப் போடக் கூடாது. ஒரு பெயருக்கு இரண்டு எஸ்.பி.எஃப். இருந்தால் இரண்டுமே செல்லாது.

பத்திரம் சரியாக இருந்தும் திரும்பினால், உங்கள் சேர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கலாம். மலிவுத் திட்டங்களில் ஒரே சேர்வரில் பலர் இருப்பதால், அயலவர் செய்த குப்பை அஞ்சலுக்கு நீங்களும் அகப்படுவீர்கள். திரும்பி வந்த குறிப்பை அப்படியே சேவை தருபவருக்கு அனுப்பி, பட்டியலிலிருந்து நீக்கக் கேளுங்கள்.

எனது கருத்து இதுதான். டொமெய்ன் விற்பவர்கள் பணத்தை வாங்கிவிட்டு இந்தப் பத்திரங்களைச் செய்து தராமல் விடுவது நியாயமல்ல. காசு கொடுக்கும் முன்பே, "மூன்றும் போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். நம் பக்கத்திலும் பிழை உண்டு. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கெல்லாம் விளம்பரம் அனுப்பி நாமே நம் பெயரைக் கெடுத்துக்கொள்கிறோம். கடையின் நற்பெயரைக் காப்பது போல் மின்னஞ்சலின் பெயரையும் காக்க வேண்டும்.

முக்கியமான விலைமனு என்றால் அனுப்பியதோடு இருந்துவிடாதீர்கள். தொலைபேசியை எடுத்து, "கிடைத்ததா?" என்று கேளுங்கள். அந்த ஒரு அழைப்பை எடுக்காததால்தான் அன்று என் அரிசி களஞ்சியத்திலேயே கிடந்தது.